ஐசலினில் வீடும் வாக்கும்: தேர்தல்கள் எதை மாற்றுகின்றன?

அமெரிக்காவில் தேர்தல் ஆண்டு பிறந்துவிட்டால், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஐசலினில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு வாசகம் தவறாமல் கேட்கிறது: "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்." வாங்க விரும்புவோர் இதைக் கூறுகின்றனர். விற்கத் தயாராக இருப்போரும் இதையே கூறுகின்றனர். வாடகை ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொண்டு, நவம்பர் முதல் வாரத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர்.

வெள்ளை மாளிகையில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்து வீட்டு விலை ஏறும் அல்லது இறங்கும் என்ற நம்பிக்கை இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் உள்ளது. கடந்த கால் நூற்றாண்டின் அனுபவம் இந்த நம்பிக்கையை உறுதி செய்யவில்லை. வீட்டு விலையில் தேர்தலின் தடம் மங்கலாகவே தெரிகிறது. யார் வாங்க முடியும், யார் விற்றுவிட்டுப் போக முடியும், யார் இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதில்தான் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஒரே சாலை, இரண்டு நகராட்சிகள்

ஐசலின் தனி நகரம் அல்ல. அது மிடில்செக்ஸ் கவுண்டியில் உள்ள வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. தனக்கென மேயரோ நகர மன்றமோ அதற்கு இல்லை. நியூ யார்க்குக்கும் நியூவர்க்குக்கும் வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும் மெட்ரோபார்க் ரயில் நிலையம் இங்குள்ளது. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் இட்லி, தோசை கிடைக்கும் உணவகங்களும் வரிசையாக அமைந்த ஓக் ட்ரீ சாலை, அடுத்துள்ள எடிசனில் இருந்து ஐசலினுக்குள் நுழைகிறது. சாலை ஒன்றுதான். நகராட்சிகள் இரண்டு, பள்ளி மாவட்டங்கள் இரண்டு, வரிப்பட்டியல்களும் இரண்டு. மளிகை வாங்கச் செல்பவருக்கு எல்லைக்கோடு கண்ணில் படாது. வீடு வாங்குபவருக்கு அந்தக் கோடுதான் முதல் கேள்வி.

இந்தக் குடியேற்றமே ஒரு தேர்தலின் விளைவு என்பதை இங்கு நினைவுகூரலாம். 1964 தேர்தலில் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றதை அடுத்து, 1965 அக்டோபரில் அவர் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம், பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கிய பழைய முறையை நீக்கியது. அந்தக் கதவு திறந்திராவிட்டால் ஓக் ட்ரீ சாலையில் இன்றுள்ள கடைவரிசை இருந்திருக்காது.

வட்டி என்னும் தூதுவர்

தமிழகத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேர்தலுக்கும் மனைக்கும் உள்ள உறவு வேறு வகையில் பரிச்சயமானது. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் உள்ள வாரங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுசெல்வோர் பறக்கும் படையினரிடம் ஆவணம் காட்ட வேண்டும்; ரொக்கம் புழங்கும் மனை வணிகம் அப்போது மந்தமடையும். அரசு மாறினால் வழிகாட்டி மதிப்பும் மாறக்கூடும். அ.தி.மு.க. அரசு 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தது. தி.மு.க. அரசு 2023 ஏப்ரலில் 2012 ஆம் ஆண்டு மதிப்புகளுக்குத் திரும்ப, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.

ஐசலினில் ரொக்கத்துக்கு அந்த இடம் இல்லை. இங்கு தேர்தல் முடிவைக் கொண்டுவந்து சேர்க்கும் தூதுவர் வீட்டுக் கடனின் வட்டி. முப்பதாண்டு நிலையான வட்டிக் கடன், அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம் தரும் வருவாயைப் பின்தொடர்ந்து செல்கிறது. புதிய அரசு அதிகம் செலவிடும், வரியைக் குறைக்கும், விலைவாசி உயரும் என்று பத்திரச் சந்தை கருதினால், அதிபர் பதவியேற்கும் முன்பே வட்டி ஏறிவிடுகிறது.

2016 இல் இது தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8 ஆம் தேதி தேர்தலுக்கு முந்தைய வாரம், ஃப்ரெடி மேக் நிறுவனம் வெளியிடும் சராசரி வட்டி 3.54 சதவீதமாக இருந்தது. டிசம்பர் இறுதியில் அது 4.32 சதவீதம். ஐந்து இலட்சம் டாலர் வீட்டுக்கு ஓர் இலட்சத்தை முன்பணமாகக் கட்டி, நான்கு இலட்சத்தைக் கடனாகப் பெறும் குடும்பத்துக்கு இதனால் மாதத் தவணை ஏறக்குறைய 180 டாலர் கூடியது. "தேர்தல் முடியட்டும்" என்று காத்திருந்ததற்கு முப்பது ஆண்டுகளுக்கு மாதந்தோறும் செலுத்த வேண்டிய விலை அது.

2024 இல் நடந்தது இன்னும் பலரைக் குழப்பியது. செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தனது வட்டியை அரை சதவீதம் குறைத்தது. வீட்டுக் கடன் வட்டியும் இறங்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் செப்டம்பர் இறுதியில் 6.08 சதவீதமாக இருந்த வீட்டுக் கடன் வட்டி, நவம்பர் 5 ஆம் தேதி தேர்தலைத் தாண்டி அதே மாதப் பிற்பகுதியில் 6.84 சதவீதத்தை எட்டியது. மத்திய வங்கி குறைக்க, சந்தை உயர்த்தியது. பொருளாதாரப் புள்ளிவிவரங்கள் எதிர்பார்த்ததைவிட வலுவாக வந்ததும் ஒரு காரணம் என்பதால், முழுப் பொறுப்பையும் தேர்தலின் மீது சுமத்துவது சரியாகாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் 2008. அந்த ஆண்டு நவம்பர் 4 இல் பராக் ஒபாமா வென்றார். நாடெங்கும் 2006 முதலே சரியத் தொடங்கிய வீட்டு விலைகள் அந்த வெற்றியால் நின்றுவிடவில்லை. 2012 வரை மீளவும் இல்லை. ஆனால் தேர்தல் முடிந்து மூன்று வாரங்களில் ஃபெடரல் ரிசர்வ், வீட்டுக் கடன்களை அடிப்படையாகக் கொண்ட பத்திரங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. ஆறு சதவீதத்தை ஒட்டியிருந்த வட்டி, ஜனவரியில் ஐந்து சதவீதத்தை நெருங்கியது. அந்த முடிவை எடுத்தவர்களை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

திரும்பப் பெற முடியாத முடிவு

அப்போது மத்திய வங்கியின் தலைவராக இருந்த பென் பெர்னான்கி, காத்திருப்பதன் தர்க்கத்தை 1983 இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியவர். ஒருமுறை செய்தால் எளிதில் மாற்ற முடியாத முதலீட்டை, எதிர்காலம் தெளிவில்லாதபோது தள்ளிப்போடுவது அறிவுடைமையே என்பது அவர் வாதத்தின் சாரம். வீட்டைக் காட்டிலும் அதற்குப் பொருத்தமான உதாரணம் ஒரு குடும்பத்தின் வாழ்வில் கிடையாது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரசியல் அறிஞர் பிராண்டிஸ் கேன்ஸ்-ரோன், ஜீ-குவாங் பார்க்குடன் இணைந்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதனை அமெரிக்க வீட்டுச் சந்தையில் சோதித்தது. மாநில ஆளுநர் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வீட்டுச் சந்தை தளர்வதையும், போட்டி கடுமையாக இருந்தால் தளர்ச்சி கூடுவதையும் அவர்கள் கண்டனர். அரசியல் அறிவியல் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் கவனிக்கத்தக்கது, அவர்கள் நாட்டின் அதிபரை விட்டுவிட்டு மாநில ஆளுநரை எடுத்துக்கொண்டது. நாம் பெரும்பாலும் தவறான வாக்குச்சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் நவம்பர் மந்தத்தை அளவுக்கு மீறிப் பெரிதுபடுத்தவும் கூடாது. பள்ளி ஆண்டு தொடங்கிய பின் இடம்பெயரக் குடும்பங்கள் தயங்குகின்றன. வசந்தமும் கோடையுமே அமெரிக்காவில் வீடு விற்கும் பருவம். தமிழர்களுக்கு இதனுடன் ஆடியும் மார்கழியும் சேர்ந்துகொள்கின்றன. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்தால் தை மாதம் வரை புதுமனை புகுவிழா இல்லை. தேர்தலுக்காகக் காத்திருந்தவர் அடுத்து பொங்கலுக்காகக் காத்திருக்கிறார்.

இன்னொரு சிக்கல், நியூ ஜெர்சியில் தேர்தல் இல்லாத ஆண்டே இல்லை. அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்கள் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கின்றன. ஆளுநர், மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களுக்கு ஒற்றைப்படை ஆண்டுகள். 2024 இன் அதிபர் தேர்தல் முடிவதற்காகக் காத்திருந்தவர், 2025 இல் மிக்கி ஷெரிலும் ஜாக் சியாட்டரெல்லியும் மோதிய ஆளுநர் தேர்தலைச் சந்தித்தார். ஷெரில் வென்ற அந்தப் பிரசாரத்தில் மின் கட்டணமும் சொத்து வரியும் முன்வரிசையில் நின்றன.

வாக்குச்சீட்டின் அடிப்பகுதி

நியூ ஜெர்சியில் சராசரி வீட்டின் ஆண்டுச் சொத்து வரி 2024 இல் 10,000 டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று இது. மாத அளவில் 830 டாலருக்கும் மேல். 2016 இல் வட்டி ஏறியதால் கூடிய 180 டாலரை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். அந்த வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குச் செல்கிறது. அதை முடிவு செய்வது வாஷிங்டன் அல்ல.

முன்பு ஏப்ரல் மாதத்தில் பள்ளி வாரியத் தேர்தலும், பள்ளியின் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தின் மீது பொது வாக்கெடுப்பும் நடைபெற்று வந்தன. 2010 இல் மாநிலம் முழுவதும் பாதிக்கும் மேற்பட்ட பள்ளித் திட்டங்களை வாக்காளர்கள் நிராகரித்தனர். அதே ஆண்டு ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, உள்ளாட்சிகளின் வரி வசூல் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராதபடி வரம்பு விதித்தார். சில செலவினங்களுக்கு விலக்கு உண்டு. 2012 இல் வந்த சட்டம், பள்ளி வாரியத் தேர்தலை நவம்பருக்கு மாற்ற அனுமதித்தது. அவ்வாறு மாற்றிய மாவட்டங்களில், வரம்புக்குள் அடங்கும் திட்டத்துக்குப் பொது வாக்கெடுப்பு தேவையில்லை. அதிபர் பெயரில் தொடங்கும் வாக்குச்சீட்டில் பள்ளி வாரிய வேட்பாளர்களின் பெயர் எங்கோ அடியில் இருக்கிறது. பலர் அதுவரை வருவதே இல்லை. பெர்னான்கி பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த காலத்தில், நியூ ஜெர்சியின் மான்ட்கோமரி டவுன்ஷிப்பில் இரண்டு முறை பள்ளி வாரிய உறுப்பினராக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

உள்ளூர்த் தேர்தல் வரியின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்பதற்கு ஜெர்சி சிட்டி நல்ல சான்று. அங்கு 1988 க்குப் பிறகு வீடுகளின் மதிப்பு மறுகணக்கீடு செய்யப்படவில்லை. 2013 இல் மேயரான ஸ்டீவன் ஃபுலோப், அதற்கென நடந்துவந்த பணியை நிறுத்தினார். 2016 இல் மாநில அரசு கட்டாயப்படுத்த, 2018 இல்தான் புதிய மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. விலை பன்மடங்கு உயர்ந்த பகுதிகளில் இருந்தவர்கள் அதுவரை குறைந்த வரி செலுத்தினர். விலை அவ்வளவாக உயராத பகுதியினர் அவர்களின் பங்கையும் சுமந்தனர். மறுமதிப்பீட்டை விரும்பும் மேயரை எந்தக் கட்சியிலும் காண்பது அரிது.

சில நேரங்களில் வீடும் தேர்தலை மாற்றுகிறது. 2017 டிசம்பரில் அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம், மாநில, உள்ளூர் வரிகளுக்காக மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளும் தொகைக்கு 10,000 டாலர் உச்சவரம்பு விதித்தது. சொத்து வரியாகப் பத்தாயிரமும் மாநில வருமான வரியாக எட்டாயிரமும் செலுத்தும் தம்பதியர், எட்டாயிரத்துக்கான சலுகையை இழந்தனர். சட்டத்தின் இறுதி வடிவத்தை ஆதரித்து வாக்களித்த ஒரே நியூ ஜெர்சி பிரதிநிதியான டாம் மெக்ஆர்தர், 2018 தேர்தலில் ஆண்டி கிம்மிடம் தோற்றார். மாநிலத்தின் 12 இடங்களில் 11 ஜனநாயகக் கட்சிக்குச் சென்றன. சுகாதாரக் காப்பீடு உள்ளிட்ட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் புறநகர் வீட்டுக்காரர்களின் கோபம் அதில் பங்கு வகித்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அந்த வரம்பை 40,000 டாலராக உயர்த்தியது. உயர் வருமானத்தினருக்கு அது படிப்படியாகக் குறையும். 2030 இல் மீண்டும் 10,000 ஆகும். அதற்கிடையே ஓர் அதிபர் தேர்தலும் இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களும் உள்ளன.

உச்சவரம்பு வந்தபோது நியூ ஜெர்சி வீட்டு விலைகள் வீழும் எனப் பலர் எச்சரித்தனர். நடந்தது வேறு. 2020 இல் பெருந்தொற்று வந்து, நியூ யார்க் நகரவாசிகள் முற்றம் உள்ள வீடுகளைத் தேடிப் புறப்பட, விலைகள் ஏறின.

வாக்கில்லாதவரின் வீடு

மேற்கூறிய அனைத்தும் ஐசலினில் உள்ள யாருக்கும் பொருந்தும். எச்-1பி விசாவில் உள்ள தமிழருக்கு மட்டும் பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. அவருக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் தேர்தல் முடிவு மற்றவர்களுக்கு வரியாகவும் வட்டியாகவும் வர, அவருக்கு மட்டும் தங்கியிருக்கும் உரிமையாகவும் வருகிறது.

வேலை இழந்த எச்-1பி ஊழியருக்கு, வேறு வேலை தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. இந்த விதி 2016 நவம்பரில் வெளியிடப்பட்டு, ஒபாமா பதவி விலகுவதற்கு மூன்று நாட்கள் முன்பு, 2017 ஜனவரி 17 இல் அமலுக்கு வந்தது. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டை விற்க, வாங்குபவர் கிடைத்த பிறகும் வழக்கறிஞர் பரிசீலனைக்கு மூன்று வேலை நாட்கள், பின்னர் வீட்டுச் சோதனை, வங்கியின் ஒப்புதல் என ஒன்று முதல் இரண்டு மாதங்கள் வரை ஆவது சாதாரணம். அறுபது நாட்களில் ஒரு குடும்பம் நாட்டை விட்டு வெளியேறிவிடலாம்; அதன் வீடு வெளியேறாது.

2025 இல் மட்டும் இந்தக் கணக்கை மாற்றிய அறிவிப்புகள் பல. பதவியேற்ற நாளிலேயே டிரம்ப், தற்காலிக விசாவில் உள்ள பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை மறுக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த மாநிலங்களுக்கு நியூ ஜெர்சி முன்னின்றது. கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன. செப்டம்பரில், வெளிநாட்டில் இருந்து புதிதாக எச்-1பி ஊழியரை அழைப்பதற்கு 100,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. விசா புதுப்பித்தலுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனால் அறிவிப்புக்கும் விளக்கத்துக்கும் இடைப்பட்ட மணி நேரங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் விமானம் தேடி அலைந்தனர்.

வீட்டுச் சந்தையுடன் நேரடித் தொடர்புடைய அறிவிப்போ பரபரப்பின்றி வந்தது. மார்ச் 26 இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை, நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. எனப்படும் அரசுக் காப்பீட்டுக் கடன் இனிக் கிடையாது என்று கூறியது. மே 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கடனில் 3.5 சதவீத முன்பணம் போதும். ஐந்து இலட்சம் டாலர் வீட்டுக்கு 17,500 டாலர். எச்-1பி ஊழியர்கள் பிற வங்கிக் கடன்களைப் பெறத் தடை இல்லை என்றாலும், கடன் தகுதி மதிப்பெண் குறைவாக உள்ள இளம் குடும்பத்துக்கு எளிதான வாசல் மூடப்பட்டது. வீட்டு விலையில் இதன் அடையாளத்தைத் தேடினால் கிடைக்காது. வாங்க வராமற்போனவர்களை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

ஒவ்வொரு அதிபர் தேர்தலின்போதும் கனடாவுக்குப் போய்விடுவதாகக் கூறும் அமெரிக்கர்கள் உண்டு. 2016 தேர்தல் இரவில் கனடாவின் குடிவரவு இணையத்தளம் முடங்கியது. ஆனால் சொன்னவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. 2023 ஜூலையில் கனடா, அமெரிக்காவில் எச்-1பி விசா வைத்திருப்போருக்கான 10,000 வேலை அனுமதிகளுக்கு விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியபோது, இரண்டு நாட்களுக்குள் விண்ணப்பங்கள் நிரம்பின. பேச்சுக்காக அன்றி உண்மையாகவே இடம்பெயரத் தயாராக இருப்பவர்கள் யார் என்பதை இது காட்டியது.

போவோரும் போகாதோரும்

ஐசலினில் விற்பனைக்கு வரும் வீடுகள் குறைவாக இருப்பதற்குத் தேர்தலைக் காட்டிலும் வலுவான காரணம் பழைய வட்டி. 2021 ஜனவரியில் வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அப்போது நான்கு இலட்சம் டாலர் கடன் பெற்றவரின் தவணை ஏறக்குறைய 1,610 டாலர். 2024 நவம்பர் வட்டியில் அதே கடனுக்கு 2,620 டாலர். மாதம் ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து அடுத்த தெருவுக்குக் குடிபோக யாரும் விரும்புவதில்லை. விற்பவர் இல்லாததால் விலை இறங்குவதும் இல்லை.

கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் உள்ள தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1978 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் நிறைவேறிய 13 ஆவது முன்மொழிவு, சொத்து வரியை வாங்கிய விலையில் ஒரு சதவீதத்துடன் கட்டிப்போட்டு, ஆண்டு உயர்வை 2 சதவீதத்துக்குள் நிறுத்தியது. நீண்ட காலம் இருந்தவர் குறைந்த வரியும், நேற்று வந்தவர் பன்மடங்கு வரியும் செலுத்துகின்றனர், இருந்தவர் நகர்வதில்லை. ஒரு வாக்கெடுப்பு இடம்பெயரும் முடிவுகளை அரை நூற்றாண்டுக்குக் கட்டுப்படுத்தியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. டெக்சாஸில் நிலைமை வேறு. மாநில வருமான வரி அங்கு இல்லை. சொத்து வரி அதிகம். சொந்தக் குடியிருப்புக்கான பள்ளி வரி விலக்கை வாக்காளர்கள் 2023 நவம்பரில் 100,000 டாலராகவும், 2025 நவம்பரில் 140,000 டாலராகவும் உயர்த்தினர். ஐசலினில் இருந்து டெக்சாஸுக்குப் போவோர் போடும் கணக்கில் வேலையும் வீட்டின் அளவும் முதலில் வருகின்றன. இந்த விலக்கு கடைசி வரியில் வருகிறது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த முதல் தலைமுறையினரில், பிள்ளைகள் படித்து வெளியேறிய பின் வரி தாளாமல் வீட்டை விற்று நகர நினைப்பவர்கள் உண்டு. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2023 ஜூனில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட ஸ்டே என்.ஜே. திட்டம் இவர்களைக் குறிவைத்தது. வருமான வரம்புக்கு உட்பட்ட, 65 வயதைக் கடந்த வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரியில் பாதி வரை, ஆண்டுக்கு 6,500 டாலருக்குள், 2026 முதல் திருப்பித் தரப்படும் என்பது அதன் வாக்குறுதி. அவர்கள் தங்கிவிட்டால், அந்த வீட்டை வாங்கக் காத்திருக்கும் இளம் குடும்பம் மேலும் காத்திருக்க வேண்டியதுதான். இந்தத் திட்டத்தில் இரண்டு தலைமுறைத் தமிழர்களும் எதிரெதிர் பக்கங்களில் நிற்கின்றனர் என்பதைப் பிரசார மேடைகளில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

தேர்தல்தோறும் மீண்டும் உலவும் ஒரு வதந்தியையும் குறிப்பிட வேண்டும். நியூ ஜெர்சியை விட்டு வெளியேறுவோர் 'வெளியேற்ற வரி' கட்ட வேண்டும் என்பது அது. அப்படி ஒரு தனி வரி கிடையாது. 2004 முதல், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டவர் இங்குள்ள சொத்தை விற்றால், இலாபத்தின் மீதான வருமான வரிக்கு முன்கூட்டியே ஒரு தொகையைச் செலுத்த வேண்டும். குறைந்தது விற்பனை விலையில் 2 சதவீதம். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும். விற்பனைப் பதிவின்போது இன்னும் நியூ ஜெர்சியில் வசிப்பவராக இருந்தால், அதற்குரிய படிவத்தில் கையெழுத்திட்டால் போதுமானது.